தனுஷ்கோடியில் பேய் தேடுகிறவர்கள் காற்றைப் பார்ப்பதில்லை

டிசம்பர் பிறந்தால் போதும், ராமேஸ்வரம் தீவின் கோடியில் இருக்கும் தனுஷ்கோடியின் வீடியோக்கள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. இடிந்த தேவாலயத்தின் சுவர், பின்னணியில் யாரோ விசும்பும் ஓசை, "ஆறு மணிக்கு மேல் இங்கே யாரையும் விடமாட்டார்களாம், ஏன் தெரியுமா?" என்று ஒரு கேள்வி. பதிலும் தயாராக இருக்கும்: 1964 புயலில் செத்தவர்கள் இன்னும் நடமாடுகிறார்கள். பேய்க்கதையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருட்டில் உட்கார்ந்து கதை கேட்பது நம் ஊரில் நேற்று வந்த பழக்கமா என்ன? உறுத்துவது வேறு. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர் தேவாலயத்துக்குள் நுழையும்போது குரலைத் தாழ்த்துகிறார், குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார். அதே ஆள் கால் மணி நேரம் கழித்து, நிலம் முடிகிற அரிச்சல்முனையில் அந்தக் கையை விட்டுவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறார். பயப்பட வேண்டிய இடம் எது என்பதையே அந்தக் கதை மாற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஆறு மணிக் கட்டுப்பாட்டுக்கான காரணங்கள் எல்லாமே கண்ணுக்குத் தெரிபவை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து இடிந்து கிடக்கும் பழைய ஊர் வரை 5 கி.மீ., அங்கிருந்து அரிச்சல்முனை வரை 4.5 கி.மீ. இந்த ஒன்பதரை கிலோமீட்டருக்கும் போக வர ஒரே ஒரு சாலைதான். 2017-ல் இந்தச் சாலை திறக்கப்படும் வரை மணலிலும் முழங்கால் நீரிலும் வேன்கள் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன. இப்போது தார்ச்சாலை வந்துவிட்டதால் இடத்தின் குணமும் மாறிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். சாலையின் இரு பக்கமும் கடல். தலைமன்னார் ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, அதற்கு நடுவிலேயே கடல் எல்லைக்கோடு ஓடுகிறது. எனவே காவல்துறைக்கும் கடலோரக் காவல்படைக்கும் இது சுற்றுலா இடம் என்பதைவிட எல்லைப் பகுதி. போதாததற்கு, தை பிறந்தால் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். இத்தனையும் இருக்கும்போது பேய்க்கு அங்கே என்ன வேலை மிச்சம்?

ஆண் கடல், பெண் கடல்

இந்தத் தீவுக்காரர்கள் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். தெற்கு ஆழம், அலை பெரிது. வடக்கு ஆழம் குறைவு, ஏரித் தண்ணீர் போலக் கிடக்கும். ஆட்டோக்காரர் முதல் வேன் ஓட்டுநர் வரை எல்லோரும் வருகிறவர்களிடம் இதைச் சொல்கிறார்கள். சொல்வது பொய்யில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள், மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

மே கடைசியில் தென்மேற்குக் காற்று பிடித்துவிடும். செப்டம்பர் வரை அது தெற்குக் கடலை உழுது தள்ளும். கரையில் மணல் பறந்து சாலையை மூடும், இரு சக்கர வாகனத்தில் போகிறவர் முகத்தில் ஊசி குத்துவது போலத் தெறிக்கும். அந்த மாதங்களில் ஆண் கடல், பெண் கடல் என்ற பெயர் அப்படியே பொருந்தும். அக்டோபரில் காற்று தடுமாறத் தொடங்கும். ஒரு வாரம் எந்தப் பக்கமும் இல்லாமல் கிடக்கும், பிறகு வடகிழக்கிலிருந்து வாடை இறங்கும். அன்றிலிருந்து கணக்கு தலைகீழ். இத்தனை மாதம் சாதுவாகக் கிடந்த வடக்குக் கடல் கலங்கி, சேற்று நிறத்தில், நெருக்கமான குட்டை அலைகளோடு கரையை அறையும். தெற்குக் கடல் கண்ணாடியாகிவிடும். மீனவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம், படகை எந்தக் கரையில் கட்டுவது என்பதே இதைப் பொறுத்தது. வெளியூரிலிருந்து வருகிறவருக்கோ "வடக்கே இறங்கலாம், அது பெண் கடல்" என்ற ஒற்றை வரிதான் தெரியும். அதை நம்பி அவர் வந்து இறங்குவது பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையில், அதாவது அந்த வரி முற்றிலும் தவறாகிப்போன மாதத்தில்.

மாதக் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னால்: அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை மழையும் வாடையும், வடக்கு கொந்தளிப்பு. ஜனவரி, பிப்ரவரியில் மழை ஓய்ந்திருக்கும், வாடை இருக்கும், வானம் தெளிவு. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட சந்தி, இரு கடலும் அடங்கியிருக்கும், ஆனால் வெயில் கொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகப் பக்கம் நெரிசலும் இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குக் கடல் முரடு. நாள் குறிப்பதற்கு முன் கைபேசியில் காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். வேகத்தைவிடத் திசை முக்கியம். திசையைத் தெரிந்துகொண்டாலே அன்றைக்கு எந்தக் கடல் ஆண், எந்தக் கடல் பெண் என்பது விளங்கிவிடும்.

அமைதியான பக்கத்தின் சூது

சரி, அலை இல்லாத பக்கம் பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு பக்கக் கடல் அமைதியாக இருப்பதற்குக் காரணமே காற்று நிலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வீசுவதுதான். அதாவது அமைதியான கடலில் காற்று கரையிலிருந்து உள்ளே தள்ளுகிறது. இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு அது தெரியாது. காற்றடைத்த மிதவையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும், துடுப்புப் பலகை மேல் நின்றுகொண்டு துழாவுபவருக்கும், கயாக் என்ற ஒடுக்கமான படகில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுப்பவருக்கும் அதுதான் எமன். ஜனவரியில் தெற்குப் பக்கம் மிதவையைப் போட்டால் அது மன்னார் வளைகுடாவின் நடுவுக்குப் போகும். ஜூலையில் வடக்குப் பக்கம் போட்டால் பாக் நீரிணைக்குள் போகும். கரையோரம் காற்று லேசாகத்தான் தெரியும், ஏனென்றால் மணல்மேடும் சவுக்கும் மறைத்துக்கொள்கின்றன. நூறு மீட்டர் தள்ளிப் போனதும் முழு வேகமும் முதுகில் இறங்கும். போவது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் துடுப்புப் போட்டும் கரை நெருங்கவில்லை என்பது உறைக்கும்.

ஆகவே நீந்துகிறவருக்கு ஒரு விதி, மிதக்கிறவருக்கு வேறொரு விதி. நீந்துபவர் அலையடிக்கும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். மிதப்பவர் காற்று வெளியே தள்ளும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் எதிரெதிர்ப் பக்கங்கள். காற்றாடி இழுக்கப் பலகையில் நின்று நீர்மேல் போகும் காற்றாடிச் சறுக்கு பழகுகிறவர்களுக்கு இது முதல் பாடம். இந்தத் தீவைச் சுற்றிக் கடந்த சில ஆண்டுகளில் அந்த விளையாட்டு வேரூன்றியதற்குக் காரணமே, ஆண்டின் இரு பருவத்திலும் ஏதாவது ஒரு கரையில் பொருத்தமான திசையில் காற்று கிடைப்பதுதான். காற்று கரைக்குச் சாய்வாக, கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீச வேண்டும். கை நழுவினாலும் ஆளைக் கரையில் கொண்டுவந்து போடும். கயிறு மட்டும் 20 மீட்டருக்கு மேல் நீளம், எனவே காற்று போகும் திசையில் குறைந்தது அதைப்போல் இரு மடங்கு வெற்றிடம் வேண்டும். சாலையின் கருங்கல் தடுப்புக்குப் பக்கத்தில் காற்றாடி விரிப்பவரைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். பழகுவதற்கு இடுப்பளவு நீருள்ள கழிமுகம்தான் இடம். பத்து, பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி இல்லாமல் பலகை மேல் ஏற முடியாது. ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

கயாக்கும் துடுப்புப் பலகையும் வேண்டுமென்றால் தனுஷ்கோடியே வேண்டாம் என்பேன். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பிரப்பன்வலசைக் கடற்கரை இருக்கிறது. இன்னும் வடக்கே, தொண்டி போகும் வழியில், காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் படகும் கயாக்கும் உண்டு. இரண்டுமே பாக் நீரிணைப் பக்கம் என்பதால் வாடை முற்றிய நாட்களில் வெளிக்கடல் சரிப்படாது. காரங்காட்டில் மட்டும் மரங்களுக்குள் நுழைந்துவிட்டால் காற்றுத் தொல்லை குறையும். எங்கே போனாலும் காலை ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், பதினொரு மணிக்கு மேல் காற்று ஏறும். காற்றின் வேகம் 10 நாட், அதாவது மணிக்கு 18 கி.மீ. சுமாரைத் தாண்டினால் கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டும். கண்ணுக்கு எட்டிய வரை நுரை பூத்திருந்தால் புதியவர்கள் இறங்கவே கூடாது. முன்னறிவிப்பு என்ன சொன்னாலும் நுரைதான் கடைசித் தீர்ப்பு.

உயிர்காப்பு உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டு படம் எடுத்தால் போதாது. எல்லாப் பூட்டையும் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது, நீரில் விழுந்தால் உடுப்பு மிதக்கும், நீங்கள் அதற்குள்ளிருந்து நழுவுவீர்கள். பூட்டு ஒன்று உடைந்து கயிற்றால் கட்டியிருந்தால் வேறு கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. துடுப்புப் பலகையென்றால் கணுக்கால் கயிறு கட்டாயம். காற்று இழுத்துப் போனால் நின்றுகொண்டு போராட வேண்டாம். நிற்கும் உடம்பே பாய்மரம். குப்புறப் படுத்துக் கைகளால் துழாவுங்கள். எக்காரணம் கொண்டும் பலகையை விட்டுவிட்டு நீந்திவிடலாம் என்று குதிக்காதீர்கள். தேடி வருகிறவர் கண்ணில் தலை படாது, பலகை படும்.

கரை முடிகிற இடம்

அரிச்சல்முனையில் குளிக்கத் தடை என்ற பலகை இருக்கிறது. பலகைக்குக் கீழேயே குளிக்கிறார்கள். கடலில் இழுப்பு வந்தால் கரைக்கு இணையாக நீந்தித் தப்பு என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தரும் பாடம், நீளமான கடற்கரைக்கு அது சரியான பாடமும்கூட. அலை உடையாமல், சற்றே இருண்டு, நுரையும் மணலும் வெளியே போய்க்கொண்டிருக்கும் ஒரு சந்து தெரிந்தால் அதுதான் இழுப்பு. பக்கவாட்டில் கொஞ்சம் நீந்தினால் அது விட்டுவிடும். ஆனால் முனையில் என்ன செய்வீர்கள்? அங்கே இணையாக நீந்துவதற்குக் கரையே இல்லை. நிலம் முடிந்து, மணல்திட்டுகள் ஒவ்வொன்றாக இலங்கைப் பக்கம் போகின்றன. திட்டுகளுக்கு நடுவே இருக்கும் வாய்களில் ஒரு கடலின் நீர் மறு கடலுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே, தென்மேற்குக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே. மேற்பரப்பில் இரண்டு அலைவரிசைகள் குறுக்காக மோதிக் கைதட்டுவது அழகாக இருக்கும், எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். அடியில் மணல் நகர்ந்துகொண்டிருக்கும். காலுக்குக் கீழே தரை கரைவதை உணரலாம். இரண்டடி முன்னால் வைத்தால் மார்பளவு. முனையின் வடிவமே மாதத்துக்கு மாதம் மாறுகிறது, போன வருடம் நின்று படம் எடுத்த மணல்நாக்கு இந்த வருடம் நீருக்குள் இருக்கலாம். வழிகாட்டிக்கும் புதுசு, உங்களுக்கும் புதுசு. கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி.

காற்றே இல்லாத நாளிலும் கடல் ஏறி வரும். கேரளக்காரர்கள் கள்ளக்கடல் என்பார்கள், இப்போது நம் செய்தித்தாள்களும் அதே பெயரைப் பயன்படுத்துகின்றன. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து, வெயில் காயும் அமைதியான கரையில் வந்து ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படிப்பட்ட நாளில்தான், அதற்கு முன்பே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மாவட்டவாரியாக இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. ராமநாதபுரம் என்ற பெயர் அதில் இருந்தால் அன்றைக்குத் தெற்குக் கரை வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டையும் கவனியுங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது, 3, 4 என்றால் உள்ளூரிலேயே மோசமாகலாம். ஐந்துக்கு மேல் போனால் நீங்கள் ராமேஸ்வரத்திலேயே இருக்கக் கூடாது.

அந்த இரவில் நடந்தது

1964 டிசம்பர் 22 இரவை அமானுஷ்யமாகச் சொல்லும்போது, அது எப்படி நடந்தது என்பது காணாமல் போய்விடுகிறது. எனக்கு அதுதான் உண்மையான திகில். இலங்கையைக் கடந்து வந்த புயல் அது. தனுஷ்கோடி அப்போது கோடியில் கிடந்த குக்கிராமம் இல்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயில் இங்கேதான் முடியும், இறங்கி நீராவிக் கப்பலில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். சுங்கச் சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். இந்த ஊரை மூன்று விஷயங்கள் சேர்ந்து அழித்தன. முதலாவது, பாக் நீரிணையின் ஆழக்குறைவு. ஆழமான கடலில் காற்று மேலே தள்ளும் நீர் அடிவழியாகத் திரும்பி ஓடிவிடும். ஆழமில்லாத கடலில் அதற்கு வழியில்லை, குவிந்துகொண்டே போகும். சாதாரண நாளில் இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. அன்றைக்கு வந்த நீரின் உயரத்தைப் பல மீட்டர்களில் சொல்கிறார்கள். இரண்டாவது, மணல்முனை ஒடுக்கமானது. ஓடி ஏற ஒரு மேடு கிடையாது. ஒரு கடல் ஏறினால் மறு கடலோடு சேர்ந்துவிடும். மூன்றாவது, நேரம். நள்ளிரவு. 19-ம் தேதிதான் பௌர்ணமி, எனவே மேகத்துக்கு மேலே முக்கால் நிலா இருந்திருக்கும், கீழே யாருக்கும் பயன்படவில்லை.

பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பயணிகள் ரயில் ஊருக்கு அருகே வந்து சிக்னல் கிடைக்காமல் நின்றதாகவும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓட்டுநர் மெல்ல நகர்த்தியதாகவும் சொல்வார்கள். அதில் இருந்தவர்கள் 115 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அந்த ஓட்டுநர் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் எந்தப் பேய்க்கதையும் தேவைப்படாது. நின்றாலும் தண்ணீர், போனாலும் தண்ணீர். பாம்பன் பாலத்தைச் சீர்செய்ய ஆறு மாதம் கெடு வைத்தார்கள், இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பாலம் திரும்பியது, ஊர் திரும்பவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

அப்படி அறிவித்த பிறகும் அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதுதான் வீடியோக்காரர்கள் மறைக்கும் சங்கதி. இடிபாடுகளைச் சுற்றியிருக்கும் ஓலைக் குடிசைகள் வீடுகள், நீங்கள் ட்ரோன் பறக்கவிடும் இடம் அவர்கள் வாசல். இரவில் கூக்குரலிட்டுக் காட்சி எடுக்க வந்தவர்களை அவர்கள் விரட்டினால் அதுவும் "மர்ம மனிதர்கள்" என்ற தலைப்பில் ஏறிவிடுகிறது. அவர்கள் குடிதண்ணீர் எடுக்கும் விதத்தைக் கேட்டுப் பாருங்கள். கடலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே மணலில் இடுப்பளவு பள்ளம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீர் மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், அவசரமாக மொண்டாலும் உப்பு வந்துவிடும். மெல்ல, ஊற ஊறத்தான் எடுக்க வேண்டும். அந்த ஊற்றுக்குள் காலை விட்டுக் கழுவாதீர்கள்.

தேவாலயத்துக்குள் போனால் நிழலைத் தேடாமல் சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். முருகைக்கல். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாய்க் குழிகளும், மூளை மடிப்பு போன்ற வரிகளும் இன்னும் தெரியும். பூச்சு உதிர்ந்த இடங்களில் உப்பு பொடியாகப் பூத்திருக்கும். சாந்துக்குள் போன உப்பு காய்ந்து படிகமாகும்போது விரிந்து, சாந்தைப் பிளக்கிறது. மழைக்காலத்தில் நனைந்து, கோடையில் காய்ந்து, ஒவ்வொரு வருடமும் இதே வேலை. கூரை போய்விட்டதால் சுவர்களுக்கு மேலே பிடிப்பு கிடையாது. சாயாதீர்கள், ஏறாதீர்கள், குழந்தையைச் சன்னல் மேடையில் உட்காரவைக்காதீர்கள். உதிர்ந்து கிடக்கும் பவளத்துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். செத்த பவளமானாலும் வன உயிரினச் சட்டப்படி குற்றம்தான், கடல் அட்டைக்கும் கடல் குதிரைக்கும் அதே சட்டம். கடைகளில் சங்கு, சிப்பி வாங்குவதிலும் எச்சரிக்கை தேவை, தடை செய்த இனங்களும் அந்தக் குவியலில் கலந்திருக்கும்.

செத்தவர்களுக்கான பருவம்

வருடத்தில் செத்தவர்களை நினைக்கும் நாட்கள் ராமேஸ்வரத்துக்கு உண்டு, அது இந்தியா முழுவதும் தெரியும். ஆடி, மகாளயம், தை என்று மூன்று அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில் இடமிருக்காது. சேதுவில் நீராடுவதற்காக அதே கூட்டத்தில் ஒரு பகுதி தனுஷ்கோடிக்கும் வரும். நிலவில்லாத இரவு, எள்ளும் தண்ணீரும், பெயர் சொல்லி அழைக்கும் குரல்கள். இதைவிட ஆவிகளுக்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சியை எந்தச் சுற்றுலா நிறுவனம் ஏற்பாடு செய்துவிடும்? நீராடுகிறவர்கள் காற்றுக்கணக்கை இங்கேயும் மறக்கக் கூடாது. ஆடி அமாவாசை தென்மேற்குக் காற்றில் வரும், தெற்குப் பக்கம் இறங்கக் கூடாது. தை அமாவாசை வாடையில் வரும், வடக்கும் அக்னி தீர்த்தமும் கலங்கியிருக்கும். அமாவாசைக்கு ஏற்றமும் வழக்கத்தைவிடச் சற்று அதிகம். வயதானவர்கள் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம், ஒரு கையை யாராவது பிடித்துக்கொள்ளட்டும், மூன்று முங்குக்குப் பதில் மூன்று சொம்பு நீர் தலையில் ஊற்றினாலும் கணக்கில் சேரும் என்று புரோகிதரே சொல்வார்.

இருட்டில் கடல் ஒளிர்வதைப் பார்த்து பயந்துபோன கதைகளும் உண்டு. அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர், இந்தப் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். பகலில் நீர் பச்சையாக, பாசி கரைத்தது போலத் தெரியும். இரவில் கை விட்டு அலசினால் நீலமாகப் பற்றும். அழகுதான், ஆனால் பெருகிவிட்டால் நீரில் உயிர்க்காற்று குறைந்து மீன் சாகும். 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது இதனால்தான். பச்சையாகக் கிடக்கும் நீரில் குளிக்காதீர்கள், தோல் அரிக்கும். ராமேஸ்வரம் கரையிலேயே இதைப் பார்த்துவிடலாம், தனுஷ்கோடிக்குப் போக வேண்டாம். அங்கே ஜனவரியிலிருந்து வனத்துறையினர் ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். பொரித்த குஞ்சு வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணி ஓடும் இயல்புடையது. பேய் தேடுகிறவரின் டார்ச் அதற்கு எந்தத் திசையைக் காட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு

திகிலும் தனிமையும் வேண்டுமென்றால் மாலையை விட்டுவிட்டுக் காலையில் போங்கள். சோதனைச் சாவடியில் வழக்கமாகக் காலை ஆறுக்கு விடுவார்கள், மாலை ஐந்துக்கெல்லாம் உள்ளே விடுவதை நிறுத்தி ஆறுக்குள் வெளியேற்றுவார்கள். கடல் மோசமானால் நேரம் பார்க்காமல் அடைத்துவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு ஒட்டி உதிப்பதால் ஆறு மணிக்கு நுழைந்தவர் முனைக்குப் போய்ச் சேர நேரம் இருக்கும். ஜூனில் உதயம் ஆறுக்கே முடிந்துவிடும், அஸ்தமனமோ ஆறரைக்கு மேல். இரண்டுமே கிடைக்காது. குளிர்காலக் காலையில் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழிமுகத்தில் பூநாரைகளும் இருக்கும். அந்தப் பகுதியை 2025-ல் பூநாரை சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். அவற்றைக் கிட்டத்தில் படம் பிடிக்கக் கழிமுகத்துக்குள் இறங்க வேண்டாம். மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு, கெட்டியாகத் தெரியும், அதற்குக் கீழே முழங்கால் வரை உளைச் சேறு. சிக்கிவிட்டால் ஒரு காலை ஊன்றி மறு காலை இழுக்காதீர்கள், ஊன்றிய கால் இன்னும் ஆழமாகப் போகும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, எடையைப் பரப்பி, பாதத்தை மெல்ல ஆட்டி நீர் புகவிட்டு எடுங்கள். செருப்பு போனால் போகட்டும்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். நிழல் கிடையாது. தொப்பிக்குக் கழுத்துக் கயிறு. மணல் பறக்கும் பருவத்தில் கேமரா லென்ஸை அங்கே கழற்றி மாட்டாதீர்கள். வாடகை இரு சக்கர வாகனமென்றால் சாலையில் மணல் திட்டு தெரிந்ததுமே வேகத்தைக் குறையுங்கள், மணல் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். காரைத் தாரை விட்டு மணலில் இறக்காதீர்கள். இறக்கிவிட்டீர்களானால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் சக்கரக் காற்றை ஏறத்தாழப் பாதியாக இறக்கி, டயருக்கு முன்னால் மணலைத் தோண்டிவிட்டு, இரண்டாம் கியரில் நகர்த்துங்கள். முனைக்குப் போனதும் சில கைபேசிகள் இலங்கை வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை முன்பே அணைத்துவிடுங்கள். மணல்திட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் படகுக்காரரை நச்சரிக்காதீர்கள். அனுமதியில்லாமல் போனால் அபராதத்தோடு போகாது, அவர் படகும் பிழைப்பும் போகும்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றவோ மணலால் தேய்க்கவோ கூடாது. கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். திருக்கை குத்தினால் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை பாதத்தை வைக்க வேண்டும், முள் உள்ளே முறிந்திருந்தால் மருத்துவமனை. மீன் வறுத்துத் தரும் கடைகளில் எப்போதும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், கேட்டால் வெந்நீர் தருவார்கள். அந்தக் கடைகளில் சாப்பிடுவதானால் மீனைக் காட்டி விலையைப் பேசிவிட்டு வறுக்கச் சொல்லுங்கள். நாலரைக்குள் சாப்பிட்டு எழுந்துவிட்டால் கடைசி நேர நெரிசலில் சாலையில் நிற்க வேண்டியிருக்காது.